செப்புத் தகட்டிலிருந்து கட்டளை வரிக்கு: புள்ளியியல் வரைபடத் தலைப்பின் வரலாறு

முன்னுரை

புள்ளியியல் வரைபடத்தின் மேல் நிற்கும் தலைப்பு, அதனை வரைந்தவர் தம் தரவுக்குத் தரும் முதல் விளக்கமாகும். அதை எழுதும் பொறுப்பு ஆய்வாளரிடமிருந்து மென்பொருளுக்கு எவ்வாறு நகர்ந்தது என்பதையும், அந்நகர்வு தமிழில் எழுதுவோரை எந்நிலையில் நிறுத்தியது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

செதுக்கிய தலைப்பு

1786ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பிளேஃபேர் வெளியிட்ட வணிக, அரசியல் அட்லசில் டென்மார்க், நார்வே வணிகத்தைக் காட்டும் படம் புகழ்பெற்றது. 1700 முதல் 1780 வரையிலான ஏற்றுமதியும் இறக்குமதியும் என அதன் தலைப்பு இடம், பொருள், காலம் மூன்றையும் உரைத்துவிடுகிறது. கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பில் எப்பகுதி இங்கிலாந்துக்கு ஆதாயம், எப்பகுதி பாதகம் என்பதும் சொல்லாகவே செதுக்கப்பட்டுள்ளது. தகட்டில் ஏறிய சொல்லைத் திருத்துதல் எளிதன்று; ஆதலின் சொல்லை முன்னரே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

1858இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போர் இறப்புகளை வரைந்தபோது, கீழைநாட்டுப் படையில் நிகழ்ந்த இறப்புகளின் காரணங்கள் என்ற பொருளில் தலைப்பிட்டார். ‘எண்ணிக்கை’ என்றிருப்பின் படம் பதிவேடாக நின்றிருக்கும். ‘காரணங்கள்’ என்னும் சொல் பொறுப்பில் இருந்தோரை வினவியது.

மென்பொருள் இடும் தலைப்பு

1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் உடன் பணியாற்றியோரும் எஸ் மொழியை உருவாக்கத் தொடங்கினர். அதன் வழிவந்த ஆர் மொழியை 1990களில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் படைத்தனர். ஆர் மொழியின் ‘ஹிஸ்ட்’ கட்டளை, பயனர் ஏதும் குறிப்பிடாவிடில், ‘ஹிஸ்டோகிராம் ஆஃப்’ என்பதோடு மாறியின் பெயரைச் சேர்த்துத் தானே தலைப்பிடும். மாறியின் பெயரோ தட்டச்சு வசதிக்காக ஆய்வாளர் இட்ட சுருக்கம். வாசகருக்கு அது எதையும் உணர்த்தாது. ‘மெயின்’ என்னும் இடத்தில் சொந்தத் தலைப்பை எழுதினால் இக்குறை தீரும்.

ஹாட்லி விக்காமின் ஜிஜிபிளாட்2 தொகுப்பு தானாகத் தலைப்பிடுவதில்லை. 2016இல் வந்த அதன் 2.2.0 பதிப்பில் துணைத்தலைப்பும் அடிக்குறிப்பும் சேர்ந்தன. நைட்டிங்கேல் தம் படத்தின் ஓரத்தில் எழுதிய விளக்கம் போன்றவற்றுக்கு இவ்வாறு மீண்டும் இடம் கிடைத்தது.

தமிழ்த் தலைப்பு

1991இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் ஆர் மொழியின் வழக்கமான ‘பிடிஎஃப்’ வெளியீட்டு முறை, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்னும் பழைய குறியாக்கத்தைச் சார்ந்தது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல்லில் 5 குறியீடுகள் உள்ளன. எனவே நெடுங்காலம் அச்சொல் தலைப்பில் 15 புள்ளிகளாகவே வெளிப்பட்டது. ‘கெய்ரோ பிடிஎஃப்’ வெளியீட்டையும் தமிழ் எழுத்துருவையும் பயன்படுத்தினால் இத்தடை நீங்கும். இதனை அறியாதோர் ஆங்கிலத் தலைப்புக்குத் திரும்புகின்றனர். தமிழ்க் கட்டுரையின் நடுவே ஆங்கிலம் பேசும் படம் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவுரை

மென்பொருள் இட்ட தலைப்பை அப்படியே விடுபவர், தம் முடிவைச் சொல்லும் உரிமையைக் கைவிடுகிறார். மாநாடுகளுக்குக் கட்டுரை வழங்குவோர் இடம், பொருள், காலம் மூன்றையும் தமிழில் தலைப்பாக்கி, அச்சுப்படி ஒன்றில் எழுத்துகளைச் சரிபார்த்த பின்னரே படத்தை அனுப்புதல் வேண்டும்.