வெந்நீர் போட்ட கதை

திருச்சிக்காரர் ஒருத்தரிடம் போய் "குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்க என்ன செலவாகுது?" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுக்குள் கணப்பு மூட்டுகிற ஊர் இல்லை இது. அதுக்காக, குளிருக்குன்னு நாம எதையுமே எரிக்கலைன்னு சொல்லிட முடியாது. நம்ம ஊரில் சூடு பண்ணினது வீட்டை இல்லை, குளிக்கிற தண்ணியை. அந்தத் தண்ணிக்காக யார் எதை எரித்தார்கள் என்று பார்த்தால் அதுவே ஒரு குட்டி சரித்திரம்.

முதலில் செலவே இல்லாத காலம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அதனால் கொல்லைக்குக் கொல்லை கிணறு. பூமிக்கடியில் இருக்கிற தண்ணீர் வருஷம் முழுக்க அந்த ஊரின் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். நம்ம பக்கத்துக்கு அது 28 டிகிரி வாக்கில். வெளியே 20, வாளியில் 28. விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுன்னு இருந்த ரகசியம் இவ்வளவுதான். ஆற்றுக்குப் போகாதவர்களும் அப்படியே இறைத்து ஊற்றிக்கொண்டார்கள்.

குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் அது போதாது இல்லையா? அங்கேதான் வெந்நீர் அடுப்பு வருகிறது. மூணு கல்லை வைத்து மேலே தவலையை ஏற்றினால், எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணிக்குப் போகும். மீதியெல்லாம் காற்றுக்கும் சுவருக்கும். கணக்குப் போட்டால், 20 லிட்டர் வாளி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ காய்ந்த விறகு. நாலு பேர் குளித்தால் மாசம் 120 கிலோ!

இந்த விரயத்தைக் குறைக்க வந்ததுதான் செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதற்குள் நெருப்பு, சுற்றி தண்ணீர். சூடு வெளியே ஓட வழியே கிடையாது, தண்ணியைத் தாண்டித்தான் போகணும். மேலே புனலில் பச்சைத் தண்ணியை ஊற்றினால் அது அடிக்குப் போய், சூடான தண்ணீர் மூக்கு வழியா வெளியே வரும். 1960-களில் திருவெறும்பூரில் 'பெல்' தொழிற்சாலை வந்தபிறகு திருச்சிக்கே பாய்லர் ஊர்னு பேர் வந்துவிட்டது. அங்கே செய்வது தலைகீழ்: குழாய்க்குள் தண்ணீர், வெளியே நெருப்பு. ஆனால் சூட்டை வீணாக்காமல் தண்ணிக்குக் கடத்தணும் என்கிற கவலை ரெண்டுக்கும் ஒண்ணுதான் :-)

அடுத்தது எரிபொருள். காசு கொடுத்து வாங்கின விறகைத் தொடுவதற்கு முன்னால் தென்னை மட்டை, பன்னாடை, கொட்டாங்குச்சி, வறட்டி எல்லாம் தீர்ந்தாகணும். மரவாடியில் சல்லிசாகக் கிடைத்த மரத்தூளுக்கும் தனி அடுப்பு இருந்தது. தகர டப்பாவின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றித் தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை உருவினால் நடுவில் ஓட்டை. கீழே பற்ற வைத்தால் மணிக்கணக்காக நின்று எரியும். 1956-ல் தொடங்கின நெய்வேலி நிறுவனம் பின்னாளில் பழுப்பு நிலக்கரியிலிருந்து 'லீகோ' கட்டிகள் செய்தது. அதுவும் பல வீட்டுக் கும்மட்டி அடுப்பில் எரிந்தது.

இதெல்லாம் சிக்கனம்தான், சந்தேகமில்லை. ஆனால் சிக்கனத்தைப் புகழ்கிறபோது நாம் வசதியாக ஒன்றை விட்டுவிடுகிறோம். மட்டையும் வறட்டியும் மலிவு. அதன் புகை மலிவு இல்லை. வீடே தூங்குகிற நேரத்தில் எழுந்து, ஈர மட்டையோடு மல்லாடி, கண்ணெரிய ஊதுகுழலை ஊதினது யார்? அம்மாவும் பாட்டியும்தான். விறகுக் கணக்கு நோட்டில் ஏறியது, அவர்கள் இருமல் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 1953-லேயே ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பு பற்றிப் புத்தகம் எழுதினார். அரசாங்கம் அதை நாடு தழுவிய திட்டமாக எடுத்துக்கொண்டது 1980-களில்தான். முப்பது வருஷப் புகை!

அப்புறம் காஸ் வந்தது. இண்டேன் இணைப்பு தொடங்கினது 1965-ல். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வீடு மோட்டார், மொட்டைமாடித் தொட்டி. இங்கேதான் யாரும் கவனிக்காத ஒரு மாற்றம் நடந்தது. கிணற்றில் 28 டிகிரியில் இருந்த தண்ணியை மாடிக்கு ஏற்றி, ராத்திரி முழுக்கப் பனியில் ஆறவிட்டு, காலையில் 22 டிகிரியில் பிடித்து, கரண்ட் செலவழித்து மறுபடி சூடாக்குகிறோம்!

கணக்கைப் பாருங்கள். 20 லிட்டரை 22-லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக 0.42 யூனிட். தினம் நாலு வாளி என்றால் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட். 2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை இலவசம் என்று அறிவித்ததும் அதே 100 யூனிட்தான். மொத்தமும் குளியலறையிலேயே போய்விடுகிறது. அதே தண்ணியை விடியற்காலையில் போரிலிருந்து நேராகப் பிடித்தால் 67 யூனிட் போதும். அதாவது மூன்றில் ஒரு பங்கு மிச்சம், எந்தப் புதுச் சாதனமும் வாங்காமல். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் சூரிய வெந்நீர்க் கலனும் நல்ல வழிதான். ஆனால் அதற்கு முதல் போடணும், சொந்த மாடியும் வேணும்.

செம்பு பாய்லர் இப்போ பரணில் ஏறிவிட்டது. சில வீடுகளில் பளபளன்னு தேய்த்து வரவேற்பறையில் நிறுத்திவைத்து, 'அந்தக் காலம் மாதிரி வருமா'ங்கறாங்க. வராது, வரவும் வேண்டாம். அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கிணற்றுச் சூட்டையும் வீணாக்காத புத்தியையும்தான். ஊதுகுழலை இல்லை.