கூடைப்பந்தாட்ட வீராங்கனை லினெற் வூடார்ட்



ஆட்டங்கள் பலவற்றின் தோற்றத்தைத் திட்டமாகக் கூற இயலாது. கூடைப்பந்தாட்டத்துக்கோ பிறந்த ஊரும் உண்டு, ஆண்டும் உண்டு. 1891ஆம் ஆண்டு மாரிகாலத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிரினால் உள்ளே அடைபட்டுக் கிடந்த மாணாக்கரின் பொருட்டு இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இதனைத் தொடக்கி வைத்தார். மறு ஆண்டே சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரி மாணவியருக்கு இதனைக் கற்பித்தார். ஆனால் பெண்கள் ஓடிக் களைத்தல் தகாது என்பது அக்காலத்து எண்ணம். ஆகவே அவர் ஆடுகளத்தை மூன்று கூறாக்கி, ஒருத்தி தன் கூற்றை விட்டு அப்பாற் செல்லலாகாதென்று விதித்தார். நம் நாட்டுப் பெண்கள் பாடசாலைகளில் ஆடப்பெறும் வலைப்பந்தாட்டமும் பெண்களின் கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்திற் சென்று உருமாறிப் பிறந்ததே. அதில் இன்றும் எல்லைகள் உண்டல்லவா?

நெய்ஸ்மித் 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். ஏறக்குறைய 80 ஆண்டுகளின் பின் அதே பல்கலைக்கழகத்தில் ஆடிய ஒரு பெண்மணியைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் லினெற் வூடார்ட்.

அவர் 1959ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரிற் பிறந்த கறுப்பினப் பெண். வீட்டினுள்ளே தம் சகோதரரோடு காலுறைகளைப் பந்தாகச் சுருட்டி எறிந்து விளையாடியதே அவருக்கு முதற் பயிற்சி. உறவினரான ஹியூபேட் ஆஸ்பி என்பவர், ஹார்லெம் குளோப்றொட்டேர்ஸ் என்னும் புகழ்பெற்ற குழுவில் ஆடி வந்தார். பந்தை விரல் நுனியிற் சுழலவிட்டும் வேடிக்கை காட்டியும் உலகமெங்கும் சுற்றிய குழு அது. அதிற் சேரவேண்டும் என்ற ஆசை அச்சிறுமியின் உள்ளத்தில் அப்பொழுதே வேரூன்றிற்று. ஆனால் அக்குழுவிற் பெண்களுக்கு இடமில்லை.

1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையம் எதுவும் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் சாரம். அதன் பயனாகக் கல்லூரிப் பெண்களின் விளையாட்டுக்குச் சிறிது பணமும் வந்தது. 1977இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த லினெற், மேரியன் வாஷிங்டன் என்னும் பயிற்றாசிரியையின் கீழ் நான்கு ஆண்டுகள் ஆடி, 3,649 புள்ளிகளைக் குவித்தார். ஆட்டமொன்றுக்குச் சராசரி 26 புள்ளிக்கு மேல். நான்கு ஆண்டுகளிலும் அகில அமெரிக்கத் தெரிவில் அவர் பெயர் இடம்பெற்றது. 1981இல் வேட் விருதும் கிடைத்தது. ஆண்கள் ஆடும் அதே அளவுப் பந்தையே அக்காலத்திற் பெண்களும் ஆடினர். சிறிய பந்து 1984இல்தான் வந்தது. தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்னும் விதி பெண்களின் கல்லூரி ஆட்டத்தில் 1987 வரையில் இல்லை. எங்கிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளி. இவற்றை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இவை வழக்காக எழும்.

1980இல் ஒலிம்பிக் அணிக்கு அவர் தெரிவானார். ஆயினும் அமெரிக்கா மொஸ்கோ விழாவைப் புறக்கணித்தமையால் அவர் களமிறங்கவில்லை. மறு ஆண்டு பல்கலைக்கழகத்தை விட்டு வெளிவந்தபோது, 1978இல் தோன்றிய பெண்களின் தொழின்முறைச் சங்கம் பணமின்றி மூடப்பட்டுவிட்டது. நாட்டிலேயே மிகச் சிறந்தவராக மதிக்கப்பட்ட ஆட்டக்காரிக்கு அந்நாட்டில் ஊதியம் தரும் குழு ஒன்றேனும் இல்லை! அவர் இத்தாலிக்குச் சென்று ஸ்கியோ நகரக் குழுவில் ஆடினார்.

1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில் அமெரிக்கப் பெண்கள் அணி முதன்முறையாகத் தங்கப் பதக்கம் வென்றபோது, அதன் தலைவி லினெற். அதன் பின்னரும் ஆடுவதற்கு இடமில்லை. இந்நிலையில் 1985இல் குளோப்றொட்டேர்ஸ் குழுவினர் பெண்ணொருத்தியைச் சேர்க்க முன்வந்து தேர்வு நடத்தினர். தேர்வானவர் லினெற்றே. 1926இல் தோன்றிய அக்குழுவின் முதற் பெண் உறுப்பினர் அவர். ஆஸ்பி 1961இலிருந்து 24 ஆண்டுகள் ஆடி ஓய்வு பெற்ற அதே ஆண்டில் அவருடைய உறவுப் பெண் உள்ளே வந்தார். ஒலிம்பிக் அணித் தலைவி ஒருவர் வேடிக்கை ஆட்டத்தில் ஆடிப் பிழைப்பதா என்று நாம் மனம் வருந்தலாம். ஆனால் அவருக்கோ அது சிறு வயதுக் கனவு. நம்முடைய வருத்தத்தை அவர்மேற் சுமத்துதல் நியாயமன்று.

1987இல் அக்குழுவை விட்டு விலகி, மீண்டும் இத்தாலியிலும் பின்னர் யப்பானிலும் ஆடினார். 1990இல் உலகக் கிண்ணம் வென்ற அமெரிக்க அணியிலும் அவர் இருந்தார். ஆட்டம் முடிந்ததென்று எண்ணி நியூயோர்க்கிற் பங்குத் தரகுத் தொழிலில் அமர்ந்தார். 1997இல் தேசியப் பெண்கள் கூடைப்பந்தாட்டச் சங்கம் எட்டுக் குழுக்களுடன் ஆட்டங்களைத் தொடக்கியது. அப்பொழுது அவருக்கு 37 வயது. தரகுத் தொழிலை விட்டுக் கிளீவ்லண்ட் குழுவிலும், மறு ஆண்டு டிற்றோயிற் குழுவிலும் ஆடினார். தம் இளமையிற் கிடையாத மேடை, கால்கள் தளர்ந்த வேளையிற் கிடைத்தது. 2004இல் நெய்ஸ்மித் பெயராலமைந்த புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது.

இனி, அந்த 3,649 புள்ளிகளின் கதை. லினெற் ஆடிய நாளிற் பெண்களின் கல்லூரி விளையாட்டைத் தனியான ஒரு பெண்கள் சங்கம் நடத்தியது. ஆண்களின் ஆட்டங்களை நடத்திய பெரிய சங்கம் 1982இல் பெண்களுக்கும் போட்டி நடத்தப் புகுந்ததும், பெண்கள் சங்கம் தாக்குப்பிடிக்க இயலாது மறைந்தது. மறைந்த சங்கத்தின் கணக்கைப் பெரிய சங்கம் தன் ஏட்டில் ஏற்கவில்லை. எனவே 2017இல் கெல்சி பிளம் 3,527 புள்ளிகளோடு முடித்தபோது, அதனையே பெண்களின் உச்சமென்று அவ்வேடு குறித்தது. 122 புள்ளிகள் மிகையாகப் பெற்றவர் உயிரோடிருக்க, அவர் பெயர் அங்கே இல்லை. ஏடு எழுதுவோர் தாம் பிறப்பதற்கு முன் உலகமே இல்லை என்று எண்ணுவது விளையாட்டில் மட்டும் காணும் வழக்கமன்று.

2024 பெப்ரவரியில் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ற்லின் கிளார்க், முதலிற் பிளம்மின் தொகையைக் கடந்தார். ஊரெங்கும் ஆரவாரம் எழுந்தது. இரு வாரங்களின் பின், பெப்ரவரி 28ஆம் நாள், அவர் 3,649ஐக் கடந்தார். அப்பொழுதுதான் பலர் லினெற்றின் பெயரையே கேள்வியுற்றனர். அதுவே மெய்யான சாதனை என்று கிளார்க்கின் பயிற்றாசிரியை வெளிப்படையாகக் கூறினார். மார்ச் 3ஆம் நாள் கிளார்க் ஆண்களின் உச்சமான 3,667ஐக் கடந்த ஆட்டத்துக்கு லினெற் நேரில் வந்திருந்தார்; சபையினர் கைதட்டி அவரை வரவேற்றனர்.

அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் லினெற், தம் சாதனை முறியடிக்கப்படவில்லை என்று கூறினார். தாம் ஆடியது ஆண்களின் பந்து என்றும், அன்று மூன்று புள்ளிக் கோடு இல்லை என்றும் காரணம் காட்டினார். அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் அவர் ஓர் அறிக்கை விடுத்து, சாதனை கிளார்க்குக்கே உரியது என்றும், தாம் சுட்டியது இரு காலத்து ஆட்டங்களின் வேற்றுமையையே என்றும் தெளிவுபடுத்தினார்.