மரினாராவும் ஒரு நினைவுத் தூணும்

போன ஞாயிறு சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையோரம் ஒரு பீட்சா கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாருடைய வயதையும் கூட்டினால் முந்நூறை நெருங்கும். அறுபதுகளின் கடைசியில் ஒரே கல்லூரி பெஞ்சைத் தேய்த்தவர்கள். அதில் ஒருவனுக்குக் கொலஸ்ட்ரால், சீஸ் ஆகாது.

"அப்போ மரினாரா சாப்பிடுங்க அங்கிள், அதுல சீஸ் கிடையாது" என்றார் பரிமாற வந்த தம்பி.

விடுவேனா நான்? மரினாரா என்றால் மாலுமிகள் பெயரில் வழங்கும் பீட்சா. இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்து ஏழைகளின் சாப்பாடு. தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பெயரைப் பார்த்து மீன் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் தக்காளிகூட நமக்கு வந்த மாதிரியே அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நம் மெரினாவும் இந்தச் சொல்லுக்கு உறவு. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் கடலோரம் உலாச்சாலை அமைத்தபோது, சிசிலியில் பார்த்ததை நினைத்து வைத்த இத்தாலியப் பெயர் அது.

"ஆரம்பிச்சுட்டாண்டா வாத்தியார்" என்றான் கொலஸ்ட்ரால்காரன். முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

எதிரே மணலில் ஷ்மிட் நினைவுச் சின்னம் தெரிந்தது. அந்த வெள்ளை வளைவை உங்களில் பலர் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பக்கத்து மேஜைப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அது யாருக்கு என்று கேட்டேன். "லவ்வர்ஸ் யாரோ அங்கிள்" என்றது ஒரு பெண்.

கார்ல் ஷ்மிட் டென்மார்க்காரர். 1930 டிசம்பர் 30 அன்று இந்த இடத்துக்குப் பக்கத்தில் கடலில் மூழ்கி இறந்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் காப்பாற்றப் போய் இறந்தார் என்றும், அந்தப் பெண் மறுநாளே ஒன்றும் நடக்காதது போல விருந்துக்குப் போனாள் என்றும், அதைப் பார்த்துக் கோபப்பட்ட கவர்னர் இதைக் கட்டச் சொன்னார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கல்வெட்டில் பெண்ணும் இல்லை, விருந்தும் இல்லை. பிறர் உயிரைக் காக்க உதவும்போது மூழ்கினார் என்றுதான் இருக்கிறது. 'பிறர்' என்று பன்மையில். நான் கல்வெட்டின் பக்கம்.

பீட்சா வந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கொலஸ்ட்ரால்காரன் மெதுவாகக் கேட்டான்: "ஏண்டா, அன்னிக்கு உன்னை இழுத்துப் போட்டாரே, அவர் முழுகியிருந்தா யாருடா தூண் வச்சிருப்பாங்க?"

1973, மே மாதம். அப்போது இங்கே அஷ்டலட்சுமி கோயில் கிடையாது, இத்தனை கட்டடமும் கிடையாது. நீச்சல் தெரியாத நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். திரும்பிப் போகிற அலை காலடி மண்ணை அரித்துவிட்டது, ஆள் உள்ளே போய்விட்டேன். குப்பத்து மீனவர் ஒருவர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, என் தலைமுடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். "நீந்தத் தெரியாதவனுக்குக் கடல்ல என்னடா வேலை?" என்று ஒரு வசவு. பிறகு வலைக்கே போய்விட்டார். வீட்டுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நாங்கள் ஈரச் சட்டையோடு ஓடிவிட்டோம். பெயர் கேட்கவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை.

2004 சுனாமிக்கு அப்புறம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் இரண்டிலும் போய் விசாரித்தேன். முப்பத்தோரு வருஷம் கழித்து! வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் மூன்று பேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"லீவு நாள்ல நாங்க எத்தினி பேரை இழுக்கிறோம் சார். அதுல நீங்க யாருன்னு எப்படிச் சொல்றது?"

இதை நான் நண்பர்களிடம் இதுவரை சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன். மிச்சமிருந்த மரினாரா ஆறிப்போயிருந்தது.