மறைக்கும் கேமரா, உழைக்கும் கை: மெய்நிகர் உலகில் பழைய திகில் விளையாட்டுகள்

தொண்ணூறுகளின் உயிர்பிழைப்புத் திகில் விளையாட்டுகள், அதாவது குறைந்த தோட்டாவும் குறைந்த மருந்தும் கொண்டு ஓர் ஆபத்தான இடத்திலிருந்து தப்புவதையே நோக்கமாகக் கொண்ட கணினி விளையாட்டுகள், மெய்நிகர் உலகுக்கு மாற்றப்படும்போது, ஆடுபவர் அந்த இடத்துக்குள்ளேயே நிற்பதால் அச்சம் தானாகப் பெருகும் என்ற எதிர்பார்ப்பு இயல்பாகவே எழுகிறது. அது பாதி மட்டுமே உண்மை. அவ்விளையாட்டுகளில் அச்சம் பார்வையைப் பறிப்பதாலும் கையைக் கட்டுவதாலும் பிறந்தது. தலையில் அணியும் ஹெட்செட் முதல் வழியைப் பெரிதும் அடைத்துவிடுகிறது, இரண்டாவதையோ மூல விளையாட்டு எட்டாத அளவுக்கு வளர்க்க வல்லது.

பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்' காட்டிய வழியில், ஜப்பானின் காப்காம் நிறுவனத்துக்காக ஷின்ஜி மிகாமி இயக்கிய 'ரெசிடென்ட் ஈவில்' 1996இல் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியில் வந்தது. நுணுக்கமான முப்பரிமாண அறைகளை உடனுக்குடன் வரையும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லாததால், கதை நிகழும் மாளிகையின் அறைகள் முன்கூட்டியே உருவாக்கப்பட்ட அசையாப் படங்களாக அமைந்தன. பாத்திரங்கள் மட்டுமே அவற்றின்மேல் நடமாடின. இந்த இயலாமையே கலையாயிற்று. நடைக்கூடத்தின் மூலையில் நிலையாகப் பொருத்தப்பட்ட கேமரா, திருப்பத்துக்கு அப்பால் முனகும் பிணத்தைக் காட்ட மறுக்கிறது; பாத்திரத்தின் கண்ணெதிரே நிற்பது ஆடுபவருக்குத் தெரிவதில்லை; காணாத இலக்கை நோக்கி, ஒலியை மட்டும் நம்பிச் சுட வேண்டியிருக்கிறது. பாத்திரம் அறிவதற்கும் ஆடுபவர் அறிவதற்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் அவ்விளையாட்டின் திகில் குடியிருந்தது.

ஹெட்செட்டிலோ கேமரா ஆடுபவரின் தலைக்குச் சொந்தம். தலை திரும்பும் கணமே காட்சியும் திரும்பியாக வேண்டும். இல்லையேல் கண் உணரும் அசைவும் உட்செவி உணரும் அசைவும் முரண்பட்டுக் குமட்டல் உண்டாகும். ஆகவே சட்டகத்தின் விளிம்பைக் கொண்டு மறைக்கும் உத்தி இங்கே செல்லாது. மூலையில் தலையை மட்டும் நீட்டி எட்டிப்பார்த்தாலே பழைய இரகசியம் கலைந்துவிடும். ஆனால் மறைப்பு முழுவதும் அழிந்துவிட வேண்டியதில்லை. கோனாமி நிறுவனத்தின் 'சைலன்ட் ஹில்' (1999) ஊர் முழுவதையும் மூடுபனியால் போர்த்தியதற்குத் தொலைவை வரைய இயலாத அதே பிளேஸ்டேஷனே காரணம் என்றாலும், அந்தப் பனி கேமராவில் அன்றி ஊரிலேயே கிடப்பதால், எத்திசையில் தலை திரும்பினாலும் அது மறைத்துக்கொண்டே இருக்கும். மெய்நிகர் மாற்றத்தில் மறைப்பைச் சட்டகத்திலிருந்து உலகுக்கு இடம்பெயர்ப்பதே வடிவமைப்பாளரின் முதற்பணி.

கையைப் பற்றிய சோதனைக்கு இரு படைப்புகள் தக்க சான்று. 'ரெசிடென்ட் ஈவில் 7' (2017) தொடக்கத்திலிருந்தே பாத்திரத்தின் கண்வழிப் பார்வையில் அமைந்ததால் பிளேஸ்டேஷன் ஹெட்செட்டில் இயல்பாகப் பொருந்தியது. ஆனால் வழக்கமான கன்ட்ரோலரையே அது பயன்படுத்தியதால், உடல் அங்கே இருந்தும் கை அங்கே இல்லை. ஆர்மேச்சர் ஸ்டுடியோ 2021இல் ஓகுலஸ் குவெஸ்ட் 2 கருவிக்கு மாற்றிய 'ரெசிடென்ட் ஈவில் 4' இதற்கு நேர்மாறானது. 2005இல் வந்த மூலத்தில், குறிபார்க்கும்போது நாயகன் லியோன் ஓர் அடியும் நகர முடியாது. தாக்க நெருங்கிவரும் ஊராரை நின்ற இடத்திலிருந்தே எதிர்கொள்ளும் அந்தத் தவிப்பை, நடந்துகொண்டே சுட அனுமதித்த மெய்நிகர் வடிவம் இழந்துவிட்டது. இது சிறிய இழப்பன்று. எனினும், மூலத்தில் ஒரே பொத்தானில் முடிந்த தோட்டா நிரப்பும் வேலை இங்கே இடுப்பிலிருந்து மகசினை எடுத்து, துப்பாக்கியில் செருகி, மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்கும் உண்மையான கைவேலையாகிறது. பதற்றத்தில் விரல் தடுமாறினால் அதன் விலையை ஆடுபவரே தர வேண்டும். காலுக்கு இருந்த விலங்கு கைக்கு மாற்றப்பட்டது எனலாம். உதைக்கும்போது பார்வை லியோனின் உடலைவிட்டு வெளியேறுவதும், கதைக்காட்சிகள் தட்டைத் திரையில் ஓடுவதுமே ஆடுபவரும் லியோனும் ஒன்றாகும் இந்த ஒருமையை இடையிடையே குலைக்கின்றன.

முதல் 'ரெசிடென்ட் ஈவில்' அறைக்கு அறை மாறும்போது கருந்திரையில் ஒரு கதவு மெல்லத் திறப்பதைக் காட்டியது. அடுத்த அறையின் தரவு வட்டிலிருந்து ஏறும் நேரத்தை மறைக்க அமைந்த காட்சி அது. ஆயினும் ஆடுபவர் தாமே உள்ளே நுழைவதுபோன்ற பார்வையை அளித்த அது, மெய்நிகர் அனுபவத்தின் முன்வடிவமாகவே கருதத்தக்கது. இன்றைய கருவிகளுக்கு அத்தாமதம் தேவையில்லை என்பது அதை நீக்கக் காரணமாகாது. நாயகன் கிறிஸுக்கு ஆறு, நாயகி ஜில்லுக்கு எட்டு எனப் பொருள்களுக்கு வகுத்த இடவரம்பும், தட்டச்சுப்பொறிக்கான மைநாடா இருந்தால் மட்டுமே ஆட்டத்தைச் சேமிக்க விட்ட விதியும் அவ்வாறே காக்கப்பட வேண்டியவை. குமட்டலைத் தவிர்க்கும் வசதிகளைத் தாராளமாக அளிக்கலாம். அச்சத்தைத் தவிர்க்கும் வசதிகளை அளிக்கும் மாற்றம் மூலத்தின் பெயரை மட்டுமே தாங்கியிருக்கும்.