ஜாதிக்காய் ஆடும் சத்தம்

பொழுது சாய்ந்தால் அம்மாவுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். "அக்கா, மாடெல்லாம் வந்திருக்கும். வீட்டுக்குப் போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுப்பார். நான் அவருடைய மகள். நாங்கள் உட்கார்ந்திருப்பது, பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாழும் வீடு. அவர் கேட்பது மலைக்கு அந்தப் பக்கம், குளுகோரில் அவர் பிறந்த கம்போங் புவா பாலா.

மலாயில் புவா பாலா என்றால் ஜாதிக்காய். ஒரு காலத்தில் பண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தது. 1796ல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து மலுக்குத் தீவுகளைப் பிடித்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டபர் ஸ்மித் அங்கிருந்து பினாங்குக்குக் கன்றுகளை அனுப்பினார். குளுகோரில் டேவிட் பிரவுன் பெரிய தோட்டம் போட்டார். 1860களில் நோய் விழுந்து தீவெங்கும் மரங்கள் பட்டுப்போயின. ஊருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. அங்கே நிலைத்துவிட்ட தமிழர்கள் மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். 2009ல் அந்த வீடுகளையும் இடித்தார்கள்.

ஜாதிக்காய் பெயரில் மட்டுமே இருந்த ஊரில் பிறந்த அம்மா, மரமாகவே அதைப் பார்த்தது இங்கேதான். டுரியானுக்கும் கிராம்புக்கும் நடுவே இந்தப் பக்கத்தில் சில மரங்கள் நின்றன. பாட்டிதான் அம்மாவுக்கு வேலை பழக்கினார். காய் வெடித்ததும் சதையைச் சீவி ஊறவைக்க வேண்டும். கொட்டையைச் சுற்றிய சிவப்புப் பத்திரியைக் கிழியாமல் உரிக்க வேண்டும். கொட்டையை வாரக்கணக்கில் காயவைக்க வேண்டும். பருப்பு சுருங்கி ஓட்டுக்குள் கடகடவென்று ஆடினால்தான் உடைக்கலாம்.

மறதி நோய் வந்த புதிதில், "அந்த வீட்டை இடிச்சிட்டாங்கம்மா" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல அழுவார். ஒரே சாவுச் செய்தியைத் தினம் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. அலோய்ஸ் அல்சைமர் 1906ல் இந்த நோயை எடுத்துச் சொல்லி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் நேற்று நடந்தது முதலில் போகும், கை பழகிய வேலை வெகுநாள் நிற்கும் என்று மருத்துவர் சொன்னார்.

இப்போது வீடு கேட்டால், "மாடு வரட்டும்மா, அதுவரைக்கும் இதைப் பார்த்துக் கொடுங்க" என்று முறத்தை மடியில் வைக்கிறேன். விரல்கள் தாமாக வேலையில் இறங்கிவிடும். என் பெயர் தெரியாதவர், ஒவ்வொரு கொட்டையாகக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்.

போன வாரம் நான் காய்ந்ததென்று ஒதுக்கிய குவியலிலிருந்து மூன்றை எடுத்து ஈரக் கொட்டைகளோடு போட்டார். "காய்ஞ்சிருச்சும்மா" என்றேன். "உனக்குக் காது கேக்கலயா அக்கா? இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்றார். சோதித்துப் பார்க்க ஒன்றை உடைத்தேன். உள்ளே ஈரம்.