ஜூலையில் குளிரும் ஊர்

உதகமண்டலம் வெப்பநாட்டின் நடுவே அமைந்துவிட்ட ஒரு துண்டு இங்கிலாந்து என்ற பேச்சு இரு நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. முட்டைக்கோசும் கேரட்டும் ரோஜாவும் அங்கே செழிப்பதற்கு அதுவே காரணம் என்று பயணக் கையேடுகள் எழுதின, நாமும் நம்பினோம். ஊரின் தோட்ட வரலாற்றையும் வானிலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்பதில்லை. செடிகள் கடல் கடந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் அவற்றை எந்த மாதம் விதைப்பது, எந்த இரவில் மூடுவது, எந்தப் பள்ளத்தில் நடவே கூடாது என்ற அறிவு கப்பலில் வரவில்லை. அதை நீலகிரியின் மழையும் பனியும்தான் கற்றுக்கொடுத்தன. அதில் ஒரு பகுதியை மலைவாழ் மக்கள் முன்பே கற்றிருந்தார்கள்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். உருளைக்கிழங்கு, கோசு, பழமரங்கள் என்று தன் நாட்டுப் பயிர்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். 1845-இல் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதச் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். 1848-இல் க்யூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சேர்ந்தார். இன்றைய அரசு தாவரவியல் பூங்கா உருவானது. இவர்கள் எல்லோரும் நம்பியது தெர்மாமீட்டரின் சராசரியை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் ஆண்டுச் சராசரி 14 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும்போது தாய்நாட்டு நினைவு வந்தது இயல்புதான். ஆனால் செடி சராசரியில் வளர்வதில்லை. உதகையில் ஜனவரிப் பகல் ஏறக்குறைய 20 டிகிரி வரை சூடாகும். ஜூலைப் பகலோ 17-ஐத் தாண்டவே தடுமாறும். இங்கிலாந்துத் தோட்டக்காரன் கோடை என்று நினைக்கும் மாதம் இங்கே பகலில் மிகக் குளிர்ந்த மாதங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகம் வாரக்கணக்கில் வெயிலை மறைப்பதே காரணம். ஜனவரியில் வானம் தெளிந்திருப்பதால் பகல் சுடுகிறது. அதே தெளிந்த வானம் இரவில் மண்ணின் சூட்டை எல்லாம் வெளியேற்றிவிடுகிறது. பகலின் நீளமும் வேறு. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல். உதகையில் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணியை ஒட்டியே ஏறி இறங்குகிறது. இங்கிலாந்தின் விதைப்பு அட்டவணையில் உள்ள எந்த மாதமும் இந்த மலையில் தன் இடத்தில் இல்லை.

சல்லிவனின் காய்கறி முதல் முயற்சியிலேயே விளைந்ததே, அப்படியானால் தட்பவெப்பம் ஒன்றுதானே என்று கேட்கலாம். கோசும் கேரட்டும் குளிர்ந்த மண் கிடைத்தால் விளைந்துவிடும். அவை குளிர்காலம் ஒன்றைக் கடந்தே ஆகவேண்டும் என்று கேட்பது விதை உண்டாக்கும்போது மட்டும்தான். உண்மையான சோதனை பழமரங்களுக்கு. நல்ல ஆப்பிள் இனங்களுக்கு இலையுதிர்ந்தபின் பல வாரம் இடைவிடாத குளிர் வேண்டும். உதகையின் குளிர் இரவோடு முடிந்து, காலை பத்து மணிக்கெல்லாம் வெயிலில் கரைந்துவிடுகிறது. அதனால்தான் இத்தனை முயற்சிக்குப் பிறகும் நீலகிரி ஒரு ஆப்பிள் நாடாகவில்லை. குறைந்த குளிரோடு திருப்தியடையும் பிளம்ஸும் பீச்சும் பேரியும் குன்னூர்ப் பக்கம் நிலைத்தன. மலை தனக்கு ஒத்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

உதகைத் தோட்டக்காரருக்கு மிகப் பெரிய ஆசான் உறைபனி. அக்டோபர் கடைசியில் நீர்ப்பனி விழத் தொடங்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தெளிந்த இரவுகளில் உறைபனி. அது ஊர் முழுக்கச் சமமாக விழுவதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகள் வெண்மையாகும் அதே விடியலில், சற்று மேலே உள்ள சரிவு தப்பித்துவிடும். இந்தப் பனியின் வலிமையைப் பற்றி 1938-இல் வனத்துறை அறிஞர்களிடையே ஒரு நல்ல விவாதம் நடந்தது. நீலகிரியில் சோலைக் காடு மடிப்புகளில் ஒதுங்கி நிற்க, புல்வெளி ஏன் பரந்து கிடக்கிறது என்பது கேள்வி. மனிதர் வைத்த நெருப்பும் மேய்ச்சலும் காரணம் என்றார் போர் என்ற அறிஞர். சோலை மரத்தின் இளங்கன்று திறந்த புல்வெளியில் உறைபனியைத் தாங்காது என்றார் சி. ஆர். ரங்கநாதன். பின்னாளில் மலையின் கரிச்சேற்றைத் துளையிட்டு ஆராய்ந்து, 1993-இல் ஆர். சுகுமாரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முடிவு, இங்கே புல்வெளி சுமார் இருபதாயிரம் ஆண்டுகளாகவே இருந்துவருவதைக் காட்டியது. நெருப்புக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் மனிதக் கை ஒன்றால் மட்டும் உண்டான நிலப்பரப்பு இது என்று இனிச் சொல்ல முடியாது. காட்டு மரத்தையே எல்லைக்குள் நிறுத்தும் பனி, தோட்டத்து நாற்றை விட்டுவைக்குமா?

நீலகிரியின் மலைவாழ் மக்களில் ஒருவரான படகர்கள் இந்தப் பனியை அறிந்து பயிரிட்டவர்கள். 1603-இல் மலையேறிய பாதிரியார் ஃபெனீசியோ அங்கே படகர் ஊரைக் கண்டிருக்கிறார். சல்லிவனுக்கு இரண்டு நூற்றாண்டு முந்திய சான்று இது. சாமை, ராகி, கோதுமை, பார்லி ஆகியவை அவர்களுடைய பழைய பயிர்கள். ஹட்டிகள் என்னும் அவர்களுடைய ஊர்கள் பெரும்பாலும் மேட்டிலும் சரிவிலும் இருப்பதற்குப் பனி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளத்துச் சதுப்பை எருமைக்கு விட்டு, சரிவை ஏருக்கு எடுத்துக்கொண்ட ஒழுங்கு பனியோடு ஒத்துப்போகிறது. உருளைக்கிழங்கு வந்தபின் அதைத் தங்கள் மழைக்கணக்கில் பொருத்தினார்கள். இன்றும் நீலகிரி விவசாயி சொல்லும் மூன்று போகங்களைப் பாருங்கள்: தை, மாசியில் பாசனத்தோடு நடும் நீர்ப்போகம், கோடைமழையைப் பிடித்து நடும் கார்போகம், ஆகஸ்ட்-செப்டம்பரில் நடும் கடைபோகம். இங்கிலாந்தில் முக்கியமாக ஒரு பட்டம்தான். வெளிநாட்டுக் கிழங்கு, உள்ளூர் நாட்காட்டி. இந்தச் சேர்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. ஓய்வே இல்லாமல் ஒரே மண்ணில் உருளைக்கிழங்கு நட்டதன் பலனாக, ஐரோப்பிய விதைக்கிழங்கோடு வந்ததாகக் கருதப்படும் தங்க நூற்புழு பெருகியது. 1961-இல் உதகைப் பகுதியில் அது கண்டறியப்பட்டது. நீலகிரி விதைக்கிழங்கு மலையை விட்டு வெளியே போகவே தடை வந்தது. முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்புத்திறன் உள்ள இனங்களை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

இப்படிச் சொல்வது மெக்ஐவர் போன்றவர்களின் திறமையைக் குறைப்பதாகும் என்ற மறுப்பு நியாயமானது. அதற்குப் பதில் அவருடைய வேலையிலேயே இருக்கிறது. 1860-களில் மருந்துப் பட்டை தரும் சிங்கோனா மரத்தை நீலகிரியில் நிலைநாட்டியவர் அவர். எல்லா இனத்தையும் ஓரிடத்தில் வைக்காமல், சிவப்புப் பட்டை இனத்தை நடுவட்டத்தின் தாழ்ந்த சரிவுகளிலும் குளிர் தாங்கும் இனத்தைத் தொட்டபெட்டாவிலும் வளர்த்தார். பட்டையைக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடி மீண்டும் பட்டை வளரச் செய்யும் முறை மெக்ஐவர் கண்டது. மலையின் ஈரக்காற்றைப் பார்த்தவருக்கே அது தோன்றும். அவர் பெரிய தோட்டக்காரரானது இந்த மலையிடம் கற்றதால்தான்.

இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது. உதகைப் பூங்காவின் மே மாத மலர்க்காட்சியைத் தீர்மானித்தது வானிலையா, ஆட்சியா? 1870 முதல் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமாக இருந்தது. ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. சமவெளி கொதிக்கும் மாதத்தில் வருபவர்களுக்காகவே மே மாதப் பூ என்பதை மறுக்க முடியாது. முதல் சீசன், இரண்டாம் சீசன் என்று ஊரே பேசும் பிரிவு விருந்தினர் வருகையைச் சார்ந்தது. ஆனால் தேதியைக் குறிக்கத்தான் ஆட்சியால் முடிந்தது. பூவைக் கொண்டுவரும் வேலை பனியோடு நடத்தும் பேரம். மே மாதத்துக்கான நாற்றுகளைப் பனிக்காலம் நடக்கும்போதே வளர்க்க வேண்டும். மாலையானதும் கோத்தகிரி மிலார் செடியின் கொப்புகளால் பாத்திகளை மூடுவதும், விடியலில் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் பூங்காத் தொழிலாளர்களின் வேலை. எந்த இங்கிலாந்துக் கையேட்டையும் பார்த்து அவர்கள் இதைச் செய்யவில்லை. இந்தக் கைகளின் பெயர்கள் பூங்காவின் வரலாற்றில் எழுதப்படாதது பெரிய குறை.

தட்பவெப்பமே மாறிவரும்போது பழைய நாட்காட்டியால் என்ன பயன் என்பது இன்றைய கேள்வி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலையின் மேற்கு ஓரத்துக்கும் உதகை நகருக்கும் இடையே மழை எவ்வளவு வேறுபடும் என்பதை அது நினைவூட்டியது. பழைய தேதிகளை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அந்தத் தேதிகளைக் கண்டுபிடித்த பழக்கத்தைத்தான் தொடரச் சொல்கிறேன். தொட்டபெட்டாவில் 8,640 அடி உயரத்தில் ஒரு வானிலை பங்களா அமைத்து 1847-48-இலேயே அளவெடுத்து நூலாக வெளியிட்டார்கள். இன்று ஒவ்வொரு ஹட்டியிலும் பள்ளியிலும் ஒரு மழைமானி, ஒரு தெர்மாமீட்டர், முதல் உறைபனி விழுந்த தேதியை எழுத ஒரு நோட்டு இருந்தால் போதும். உதகையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட மாதத்தை நம்பாமல், தங்கள் சரிவின் பனியை இந்த நவம்பரிலிருந்தே எழுதிவையுங்கள்.