பாதை எண்டால் என்ன? – கிழக்குக் கரையோரத்தில் ஒரு வான் பயணமும் அதற்கு முந்திய கதையும்

அறுகம்பையில் இருந்து திருகோணமலை வரைக்கும் கரையோரமாக வானில் போறது இப்ப நண்பர்கள் வட்டங்களில் சாதாரண விசயம். சனி ஞாயிறோட ஒரு போயா லீவும் சேர்ந்து வந்தால் போதும். ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, பானை சட்டி, காஸ் அடுப்பு, பாய் எல்லாத்தையும் பின்னால ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டிடலாம். படுக்கையும் அடுப்பும் பொருத்தின கரவன் வான்களைக்கூட வாடகைக்கு எடுக்கலாம். நாங்களும் ஏழு பேர், மூன்று நாள், சுமார் 240 கிலோமீற்றர் போனோம். கடலைப் பற்றியும் மீனைப் பற்றியும் எழுத நிறைய இருக்கு. ஆனால் இந்தக் கட்டுரை நாங்கள் போன வீதியைப் பற்றியது. அது எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்பதைப் பற்றியது. இந்தப் பயணத்தை எங்கட அம்மா அப்பா எங்கட வயதில் போயிருக்கவே முடியாது.

கூட்டமாகக் கரையோரம் போறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. வடக்கில் இருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை வெருகல், மாமாங்கம், திருக்கோவில், உகந்தை என்று கோவில் கோவிலாகத் தங்கி, கடைசியில் குமண காட்டுக்குள்ளால் போகும். வழியில் சமைத்து, மடங்களில் படுத்து, ஊர்ச்சனம் குடுக்கிற சோற்றைச் சாப்பிட்டு நடப்பார்கள். இயலாத ஆக்கள் கூடார வண்டிலில் போன காலமும் இருந்தது. கரவன் என்ற சொல் எங்களுக்குப் பிந்தி வந்தது. அந்தப் பழக்கம் முந்தியே இருந்தது. அவர்கள் வடக்கில் இருந்து தெற்குக்குப் போவார்கள். நாங்கள் தெற்கில் இருந்து வடக்குக்கு வந்தோம்.

அறுகம்பைக்குத் தெற்கே பாணமை. தமிழும் சிங்களமும் கலந்து வாழ்ந்த பழைய கிராமம். 2010 யூலையில் இங்கே ராகம்வெல, சாஸ்திரவெல முதலான இடங்களில் இருந்த குடும்பங்கள் தங்கட காணிகளில் இருந்து துரத்தப்பட்டன. வீடுகள் எரிக்கப்பட்டன. பிறகு அந்த நிலத்தில் படைமுகாமும் சுற்றுலா விடுதியும் வந்தன. 340 ஏக்கரைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி 2015 பெப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் சனம் வருசக்கணக்காகப் போராட வேண்டி இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள். கடற்கரைக்குச் சந்தை விலை வந்தவுடனே, அதில் முதலில் இருந்தவன் எந்த இனத்தவன் என்றாலும் அவன் இடைஞ்சலாகிவிடுகிறான்.

அறுகம்பைப் பாலம் 2004 டிசெம்பர் 26 சுனாமியில் சேதமானது. அமெரிக்க உதவியில் கட்டின இப்போதைய பாலம் 2008 இல் திறந்தது. இலங்கையில் சுனாமிக்கு அதிகம் பேரைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான், பத்தாயிரத்துக்கும் மேல். அதற்குப் பிறகு அரசாங்கம் கரையில் வீடு கட்டத் தடை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கொஞ்சக் காலத்தில் அது தளர்த்தப்பட்டது என்றாலும், மீனவனுக்கு இருந்த தடை ஹோட்டல்களுக்கு அதே கண்டிப்போட இருக்கவில்லை. கோமாரி தாண்டி, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை, மருதமுனை என்று வரும்போது வானுக்குள் இருந்து பார்த்தால் தெரிவது புதுச் சுவர்கள் மட்டும்தான். பழைய ஊர் எங்கே இருந்தது என்று ஆரையும் கேட்டால்தான் தெரியும்.

களுவாஞ்சிக்குடிக்கு முன்னால் எங்களுக்கு அந்தச் சொல் அகப்பட்டது: பாதை. கிழக்கில் பாதை எண்டால் வீதி மட்டும் இல்லை. ஆற்றையோ வாவியையோ கடக்கிற மிதவைக்கும் அதுதான் பேர். ஆள், சைக்கிள், நெல் மூட்டை, ஆடு மாடு எல்லாம் ஒரே தட்டில் ஏறும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல்பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல்பக்கம் படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கமும் படுகிற பக்கமும். பெரிய ஆசுபத்திரியும் கச்சேரியும் எழுவான்கரையில். நெல்லும் பாலும் படுவான்கரையில். இரண்டையும் தைச்ச நூல்தான் இந்தப் பாதைகள். மண்முனையில் 2014 இல் ஜப்பான் உதவியோட பாலம் வந்தது. குருமண்வெளி–மண்டூர் சனம் அதற்குப் பிறகும் வருசக்கணக்காகப் பாதையையே நம்பி இருந்தது. சுற்றுலா வான்கள் போற வீதி எழுவான்கரையில்தான் இருக்கு. அதனால் படுவான்கரை எங்கட படங்களில் தூரத்துப் பச்சைக் கோடாகத்தான் வரும்.

மட்டக்களப்பு நகரத்துக்குள் நுழையிற கல்லடிப் பாலம் 1924 இல் கட்டினது. அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பேரில் லேடி மனிங் பாலம். ஒரு வழியில் மட்டும் வாகனம் போகக்கூடிய அந்த ஒடுங்கிய பாலந்தான் பக்கத்தில் 2013 இல் புதுப்பாலம் திறக்கும்வரை தொண்ணூறு வருசம் போல நகரத்தின் பாரத்தைச் சுமந்தது. பாடும் மீன் கேட்கலாம் என்று எல்லாரும் நிற்கிற இடம். நாங்களும் நின்றோம். ஆனால் இந்த நகரத்துக்குத் தெற்கும் வடக்குமாக இருபது கிலோமீற்றருக்குள் 1990 இல் நடந்ததையும் சொல்லத்தான் வேணும். ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூரில் இன்னும் நூற்றுக்கு மேல் முஸ்லிம்கள். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்களை, குழந்தைகளோட சேர்த்து, இராணுவமும் அதோட நின்றவர்களும் கொன்றார்கள். மூன்றுக்கும் நீதி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அடுத்த ஊருக்குப் போறதே ஒரு முடிவெடுக்கிற விசயமாகிப் போனது. பக்கத்து ஊர்ப் பேரை றோட்டுப் பலகையில் மட்டும் தெரிந்த ஒரு தலைமுறை அப்படித்தான் வளர்ந்தது.

ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தை மாறி மாறிப் பாவிச்ச காலம் 2010 வரைக்கும் இருந்தது. அதைத் தாண்டினால் பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி. இந்தப் பயணத்தில் அழகான பகுதி இதுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. 2006 யூலையில் மாவிலாறு அணை பூட்டப்பட்டதோட தொடங்கின போரில், இதே ஒடுங்கிய கரைக்குள்ளதான் மூதூர்க் கிழக்குச் சனம் வந்து அடைந்தது. நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளியில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் எறிகணை விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2007 சனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனது. வீதி நேராகவும் காலியாகவும் இருக்கும்போது வான் தானாகவே வேகம் எடுக்கும். நாங்கள் டிரைவர் அண்ணையிட்ட மெதுவாகப் போகச் சொன்னோம்.

மூதூர், வெளிநாட்டவன் ஒருவன் கரையில் இறங்கி மாட்டின கதைக்குப் பேர் போன இடம். 1660 இல் புயலில் பாய்மரம் உடைந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. அதில் வந்த றொபேர்ட் நொக்ஸை கண்டி அரசனின் ஆக்கள் இங்கே பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருசத்துக்குப் பிறகுதான் தப்பினார். 1681 இல் அவர் எழுதின புத்தகம் உலகத்துக்கு இலங்கையைக் காட்டியது. பயண வழிகாட்டிகளில் நொக்ஸ் இருக்கிறார். 2006 ஓகஸ்ட் 4 ஆம் திகதி இதே ஊரில் கொல்லப்பட்ட பதினேழு உதவிப் பணியாளர்கள் அவற்றில் இல்லை. பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனம் ஒன்றில் வேலை செய்த, அனேகமாகத் தமிழ்ப் பெடியள், பெட்டைகள். அந்த வழக்கிலும் இன்றுவரை ஒருத்தருக்கும் தண்டனை இல்லை.

மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில்தான் மகாவலியின் கிளைகள் கடலில் சேருது. இறால்குழி, கங்கை, உப்பாறு, கடைசியில் கிண்ணியா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகள். ஒவ்வொன்றிலும் பாதைக்குக் காத்திருக்க வேணும். மாரியில் வெள்ளம் வந்தால் பாதை ஓடாது. அவசரக்காரர் ஹபரணை, பொலன்னறுவை சுற்றித்தான் மட்டக்களப்புக்குப் போவார்கள். துறையடியில் தேத்தண்ணிக் கடை வைச்சிருந்த ஒரு காக்கா, அங்கே காத்து நின்றே கலியாணம் பேசி முடிச்ச குடும்பங்கள் இருக்கு என்று சிரிச்சார். அதே துறையடியில் பிள்ளைத்தாச்சிகள் விடியும்வரை கிடந்ததையும் அவர்தான் சொன்னார். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் காலம். அதை இனிப்பாக மட்டும் நினைக்கிறது எங்களைப் போல வந்து போறவர்களுக்குத்தான் லேசு.

சவூதி நிதியத்தின் கடனில் கட்டின 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. நாட்டிலேயே நீளமான பாலம் என்று பெரிசாகச் சொன்னார்கள். 2011 இல் பிரெஞ்சு உதவியில் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. அன்றிலிருந்துதான் இந்த வான் பயணம் பயணமானது. மீன் லொறி நேரத்துக்குப் போகுது, நோயாளி நேரத்துக்குப் போகிறார். பாலம் வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அதே கிண்ணியாவில், அந்த நீளப் பாலத்தில் இருந்து சில கிலோமீற்றருக்குள், குறிஞ்சாக்கேணி இருக்கு. அங்கே புதுப்பாலம் கட்டுவதற்காகப் பழையது மூடப்பட்டது. சனத்துக்கு மாற்றாகக் கிடைத்தது ஒரு இழுவைப் பாதை. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்துபோனார்கள். நாடு முழுவதற்கும் காட்டுகிற பாலம் ஒன்று வந்து பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு, அந்த ஊர்ப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகக் கிடைத்தது மிதவைதான்.

அபிவிருத்தி என்று எங்களுக்குக் காட்டப்படுவது அனேகமாக நீட்டுக்குப் போற வீதி. திருகோணமலையில் இருந்து அறுகம்பைக்கு, ஹோட்டலில் இருந்து ஹோட்டலுக்கு. ஊர்ச்சனத்துக்குத் தேவைப்படுவது குறுக்கால போற வீதி: வயலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ஆசுபத்திரிக்கு. நீட்டுக்குப் போறதுக்குக் கடன் கிடைக்கும், திறப்பு விழா நடக்கும். குறுக்கால போறது தள்ளித் தள்ளிப் போகும். எங்களைப் போன்ற இளைஞர்கள் கிழக்குக்குப் போறதை நாங்கள் குறை சொல்லவில்லை. போங்கோ, முப்பது வருசம் பூட்டிக் கிடந்த வீதி அது, தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியள் ஒரே வானில் போறதே பெரிய விசயம். ஒரே ஒரு வேலை மட்டும் சேர்த்துச் செய்யுங்கோ. ஏதாவது ஒரு இடத்தில் பிரதான வீதியை விட்டுக் குறுக்கால திரும்பி, பாதை ஓடுகிற ஒரு துறையடியில் வானை நிறுத்துங்கோ. இறங்கி, காலையில் அதில் ஆர் ஏறுகிறார்கள் என்று பாருங்கோ.